உட்கார்ந்து கணக்குப் பார்த்தோமா?



பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் நாள்கள் நெருங்கும்போது, பங்கு இல்லத்தின் வாயிலில் பெற்றோர் பலர் வந்து நிற்பது வழக்கம். நற்சான்றிதழ் வேண்டி வருவோர் உண்டு; கல்விக் கட்டணத்திற்கு வழி கேட்டு வருவோர் உண்டு. சில ஆண்டுகளாக மற்றொரு கேள்வியோடும் வருகின்றனர். "சாமி, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும். கடையில் எல்லாவற்றையும் பூட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். விலையும் குறைவுதான். வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி.

கணினியைப் பற்றிக் குருவானவரிடம் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எளிய குடும்பம் ஒன்று தன் பல மாதச் சேமிப்பை, சில வேளைகளில் கடன்பட்ட பணத்தை, ஒரே நாளில் கடைக்காரரின் மேசைமீது எண்ணி வைக்கும்போது அது வெறும் வாணிபம் அன்று. அக்குடும்பத்தின் அமைதியும் அதில் அடங்கியுள்ளது. இதை நாம் ஒரு நிகழ்ச்சியின் வழியாகவே கற்றுக்கொண்டோம்.

நம் பங்கில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். அவருடைய மூத்த மகள் வணிகவியல் பயில்கிறாள். அக்குடும்பத்திலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை அவளே. அவளுக்காகத் தம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, 19,500 ரூபாய்க்கு ஒரு மேசைக் கணினியை அவர் வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடிக் கதவு, உள்ளே பல வண்ண விளக்குகள், முகப்பில் 'ஐ7' என்ற ஒட்டுச்சீட்டு. மந்திரித்துத் தரும்படி நம்மை அழைத்தார். நாமும் சென்று செபித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு, "நல்ல பொருள்தான்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அன்று நாமும் அதன் முகப்பை மட்டுமே கண்டோம் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நான்கு திங்கள் கழிந்தன. ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அம்மகள் தயங்கித் தயங்கி வந்தாள். பங்கு அலுவலகக் கணினியில் தன் கல்லூரி வேலையை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "வீட்டில்தான் புதிய கணினி இருக்கிறதே, அம்மா?" என்றோம். அவள் கண்கள் கலங்கிவிட்டன. காலை நான்கு மணிக்கே எழுந்து அதை இயக்கிவிட்டுக் காத்திருப்பதாகவும், இரண்டு பக்கங்களைத் திறந்தால் உறைந்து நின்றுவிடுவதாகவும் சொன்னாள். முந்தின இரவு அது அடியோடு நின்றுபோய், மூன்று வாரம் உழைத்துச் செய்த கணக்கேடுகளும் அதனோடு போய்விட்டனவாம். இவ்வளவும் சொன்னவள் இறுதியில் சொன்ன சொல்தான் நம் உள்ளத்தில் தைத்தது: "சாமி, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் சங்கிலியை வைத்து வாங்கியது."

அடுத்த ஞாயிறன்று, கணினி பழுதுபார்க்கும் வேலை செய்கிற நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்று அப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னோம். பெட்டியும் விளக்குகளும் புதியவை. மற்றவை யாவும் பழையவை. 'ஐ7' என்றது பொய்யன்று. ஆனால் அது 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஐ7-2600 என்னும் பிராசஸர். தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க், எங்கோ ஓர் அலுவலகத்தில் பல்லாண்டு சுழன்று தேய்ந்தது. நினைவகமாகிய ராம் 4 ஜி.பி. மட்டுமே. விண்டோஸ் திருட்டு நகல். கடைக்காரர் கொடுத்திருந்ததோ பில் அன்று. தொகையும் தேதியும் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.

இதிலிருந்து, தயார்நிலையில் விற்கப்படும் மலிவுக் கணினிகள் யாவும் ஏமாற்றே என்று முடிவுகட்டலாகாது. பங்கு அலுவலகத்தில் உள்ளதும் அத்தகையதுதான். பெரிய நிறுவனம் ஒன்றின் விலை குறைந்த மேசைக் கணினி, 2019இல் வாங்கியது. முதலில் அதுவும் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. அதே இளைஞர் ஹார்ட் டிஸ்க்கை அகற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, ராமையும் 8 ஜி.பி. ஆக்கிக் கொடுத்தார். அன்று முதல் திருமுழுக்குச் சான்றிதழ்களும் திருமண ஓலைகளும் தடையின்றி அச்சாகின்றன. ஆனால் ஒரு முறை மின்சாரம் வழங்கும் பகுதி எரிந்தபோது, கடைகளில் கிடைக்கும் பொதுவான பவர் சப்ளை அதற்குப் பொருந்தவில்லை. அந்நிறுவனத்தின் தனி அளவிலான பொருளுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். தயார்நிலைக் கணினியின் நன்மை, தீமை இரண்டையும் இவ்வாறு நாமே கண்டிருக்கிறோம்.

ஆகவே, மலிவா, விலை மிகுந்ததா என்பதன்று முதற்கேள்வி. புனித லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கோபுரம் கட்ட விரும்பிய மனிதனைப் பற்றிப் பேசுகிறார். கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதவன், அடித்தளத்தோடு நின்றுபோய், காண்போரின் நகைப்புக்கு ஆளாவான் என்கிறார். சீடத்துவத்தின் விலையைப் பற்றிய உவமை அது. எனினும், உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விவேகம் என்னும் புண்ணியத்தின் தொடக்கம் என்பதை அங்காடிக்குச் செல்பவரும் அதிலிருந்து கற்கலாம். அக்கணக்கை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதற்கேள்வி: எந்த வேலைக்கு? பாடக்குறிப்பு எழுதவும், கணக்கேடு பழகவும், இணையத்தில் பாடங்களைக் காணவும், நிரல் எழுதக் கற்கவும் விலை குறைந்த தயார்நிலைக் கணினியே போதும். பெரிய திரைப்படங்களைத் தொகுக்கவோ புதிய விளையாட்டுகளை ஆடவோ அது போதாது. பின்னால் தனி கிராபிக்ஸ் அட்டை சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், அதன் சிறிய பவர் சப்ளை பெரும்பாலும் அதைத் தாங்காது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மேசைக் கணினி உதவாது, மடிக்கணினியே வேண்டும். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் இருவர் மூவர் பகிர்ந்துகொள்வதாயின், அதே விலைக்கு மடிக்கணினியைவிட மேசைக் கணினி கூடுதல் ஆற்றல் தரும். ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். புதிதாக வாங்குமுன் பரணையும் ஒரு முறை பாருங்கள். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றவை பல வீடுகளில் தூசு படிந்து கிடக்கின்றன. ஓர் எஸ்.எஸ்.டி.யும் இலவச லினக்ஸும் சேர்ந்தால், அவற்றுள் சில இன்னும் எழுத்து வேலைக்கு உதவும்.

இரண்டாம் கேள்வி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது? தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார். நம் தாய்மார் கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகின்றனர். கணினிக்கும் காம்பு உண்டு. ஐ3, ஐ5, ஐ7 என்னும் எழுத்தைக் கண்டு மயங்காமல், அதன்பின் வரும் எண்ணைப் படியுங்கள். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 8100 என்றால் எட்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2011இல் வந்த ஐ7-2600, 2022இல் வந்த ஐ3-12100 ஆகிய இரண்டிலும் உள்ள உட்கருக்கள் நான்கே. ஆயினும் பெயரில் சிறிய ஐ3, வேகத்தில் அந்தப் பழைய ஐ7ஐ வெகு தொலைவு பின்தள்ளிவிடும். ஊர்ப் பெயரைக் கேட்டுப் பெண் கொடுத்தவர் கதையாக நம் கதை ஆகிவிடலாகாது.

தலைமுறையைப் பார்ப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் பிராசஸராயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் வேண்டும். அத்தலைமுறை 2017இல் வெளிவரத் தொடங்கியது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். அதற்கு முந்திய கணினியில் குறுக்கு வழியாக விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவோர் உளர். வருங்காலத் திருத்தங்கள் தவறாமல் வரும் என்று அவர்களால் உறுதி கூற இயலாது.

அடுத்து, சேமிப்பு. ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. ஆதலால் கணினி விரைந்து விழிக்கிறது. இன்று கணினி வாங்குவோர், விண்டோஸ் நிறுவப்படும் இடம் எஸ்.எஸ்.டி.யாக இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டா. ராமைப் பொறுத்தவரை, விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு 4 ஜி.பி.; நிம்மதியாக வேலை செய்ய 8 ஜி.பி. வேண்டும். பின்னால் கூட்டிக்கொள்ள ஓர் இடம் காலியாக இருப்பது நன்று.

இவற்றையெல்லாம் கடையிலேயே சோதிக்கலாம். கணினியை இயக்கச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் பகுதியைத் தொட்டால், பிராசஸரின் முழுப்பெயர், ராமின் அளவு, எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது, டிஸ்க் எவ்வகை என்பது ஆகிய யாவும் தெரியும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்ய விடாத கடையிலிருந்து வணக்கம் சொல்லி வெளியேறிவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: முழுச் செலவு எவ்வளவு? விலைச் சீட்டில் உள்ளது பெரும்பாலும் பெட்டியின் விலை மட்டுமே. மானிட்டர், விசைப்பலகை, சுட்டி, மின்தடை மிகுந்த நம் ஊர்களுக்கு இன்றியமையாத யு.பி.எஸ்., மாதந்தோறும் இணையக் கட்டணம் ஆகியவற்றையும் தாளில் எழுதிக் கூட்டுங்கள். யு.பி.எஸ். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். மின்சாரத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை: திரையும் சேர்த்து 80 வாட் எடுக்கும் கணினியை நாள்தோறும் நான்கு மணி நேரம் இயக்கினால், இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 19 யூனிட்தான் ஆகும்.

பகுதி பகுதியாக வாங்கி அசெம்பிள் செய்தால் மலிவாகுமே என்பார் பலர். நெடுங்காலம் அது உண்மையாகவே இருந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பொருள்களை வாங்கி வந்து பூட்டிக்கொண்டவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவ்வாறு பூட்டியதில் எப்பகுதியையும் பின்னர் எளிதில் மாற்றலாம் என்பது பெரும் நன்மை. ஆனால் 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் ராமின் விலை கடுமையாக ஏறிற்று. மைக்ரான் என்னும் பெருநிறுவனம், பொது மக்களுக்கு 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த வாணிபத்தையே கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாக ஒப்பந்தம் செய்து வாங்கும் நிறுவனங்களை இத்தகைய விலையேற்றம் சற்றுத் தாமதமாகவே தாக்கும். ஆதலால் பழைய கணக்கை நம்பாமல், தயார்நிலைக் கணினி, அசெம்பிள் செய்த கணினி ஆகிய இரண்டின் விலையையும் ஒரே நாளில் கேட்டு ஒப்பிடுவதே அறிவுடைமை. அலுவலகங்கள் கழித்துவிட்ட, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பெருநிறுவனக் கணினி, எஸ்.எஸ்.டி.யோடும் முறையான பில்லோடும் ஆறு மாத வாரண்டியோடும் கிடைத்தால், அதுவும் எளிய குடும்பத்திற்கு ஏற்றதே. பழையது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. பழையதைப் புதியது என்று விற்பதே குற்றம்.

நான்காம் கேள்வி: இது நேர்மையான வழியில் வருகிறதா? பெருநிறுவனத்தின் கணினி பெரும்பாலும் உரிமம் பெற்ற விண்டோஸோடு வருகிறது. அதன் விலையும் அதனுள் அடங்கும். அசெம்பிள் செய்த கணினி மலிவாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், பல கடைகளில் திருட்டு நகலை ஏற்றிக் கொடுப்பதே. ஏழாம் கட்டளை கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. பணமில்லாதவர் பாவம் செய்துதான் ஆகவேண்டும் என்ற நிலையும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தை யாரும் உரிமையோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் உருவாக்கியதும் அவ்வகையே. பிள்ளையின் பாடத்திற்கு விண்டோஸ்தான் தேவை எனில் அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லையும் வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால், ஏமாற்றப்பட்டவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வாதாடுவது அரிது. அக்கொத்தனார் கடைக்குத் திரும்பிச் சென்றபோது கிடைத்த விடை, "இங்கே வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?" என்பதுதான்.

இந்நான்கு கேள்விகளுக்கும் விடை சரியாக அமைந்தால், விலை குறைந்த தயார்நிலைக் கணினி வாங்கத் தக்கதே என்பது நம் துணிபு. வாங்கியபின் அதைக் கூடத்தில் வையுங்கள். அறைக்குள் பூட்டி வைக்க வேண்டா. திரு இருதயப் படத்திற்கு எதிரே, அனைவரும் நடமாடும் இடத்தில் இருக்கும் திரை, பிள்ளைக்குக் காவலும் ஆகும். தாய் தந்தையர்க்குப் பாடமும் ஆகும். கைபேசியை இருளில் தனியே பார்க்கும் கண்களுக்கும், கூடத்தில் தம்பி தங்கையரோடு அமர்ந்து பயிலும் கண்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் நன்கறிவர். செபமாலை நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி அக்குடும்பத்தின் கதைக்குத் திரும்புவோம். பெட்டியைத் திறந்து பார்த்த அந்த ஞாயிறன்று, தந்தை ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "அது சரியாக ஓடவில்லை என்று எனக்கு முதல் வாரமே தெரியும், சாமி. விடியற்காலையில் பிள்ளை அதன் முன்னே காத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பேன். கேட்டால் அவள் மனம் நோகுமே என்று கேட்கவில்லை" என்றார். மகள் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தைக்காக மகளும் மகளுக்காகத் தந்தையும் நான்கு திங்களாக வாய் திறக்கவில்லை. அந்நாள்களிலேயே பேசியிருந்தால், அந்த ஹார்ட் டிஸ்க் நின்றுபோகுமுன் அவள் கணக்கேடுகளையாவது காப்பாற்றியிருக்கலாம். அன்பினால் எழுந்த மௌனம்தான். ஆயினும் அதற்கும் ஒரு விலை இருந்தது.

ஆண்டவர் கூறிய அம்மனிதன் தனியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். குடும்பமோ சேர்ந்து உட்கார வேண்டும். தந்தைக்குக் கடனைப் பற்றித் தெரியும். தாய்க்கு வீட்டுச் செலவு தெரியும். பிள்ளைக்குத் தன் பாடத்திற்கு என்ன தேவை என்பது தெரியும். மூவரும் ஒரு பாயில் அமர்ந்து ஒரு தாளில் எழுதியிருந்தால், கடைக்காரரின் வண்ண விளக்குகள் அவர்களை அவ்வளவு எளிதில் மயக்கியிரா.

அவர்கள் இப்போது அவ்வாறு அமர்கிறார்கள். பழைய பெட்டியில் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும் லினக்ஸையும் ஏற்றியாயிற்று. எழுத்து வேலைக்கு அது உதவுகிறது. கணக்கேட்டுப் பயிற்சிக்கு அம்மகள் சனிக்கிழமைகளில் பங்கு அலுவலகத்திற்கு வருகிறாள். சங்கிலி இன்னும் மீளவில்லை. ஞாயிறு திருப்பலியில் அந்தத் தாயின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், அன்று முகப்பை மட்டும் பார்த்துவிட்டு நாம் சொன்ன "நல்ல பொருள்தான்" என்ற சொல் நம்மைக் குத்துகிறது.

ஆயினும் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. இவ்வாண்டு நம் பங்கில் கணினி வாங்கச் சென்ற மூன்று குடும்பத்தினர் அம்மகளையும் உடன் அழைத்துச் சென்றனர். கடையில் அவள் முதலில் அழுத்துவது அந்த மூன்று விசைகளைத்தான். இரு குடும்பத்தார் நல்ல கணினியோடு திரும்பினர். ஒரு குடும்பத்தார் பணத்தோடு திரும்பினர். மூன்றாமவரும் நட்டப்படவில்லை என்பதே நம் எண்ணம்.

அடுத்த வாரம் கடைக்குச் செல்ல எண்ணியிருப்போர், இன்றிரவு செபமாலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் அருகில் அழைத்து, சற்று நேரம் சேர்ந்து உட்காருங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லத்திற்குத் துணை நிற்பதாக.